பேராசிரியர் "கொடுக்காதே" என்கிறார், கிளஸ்டர் "ஓடமாட்டேன்" என்கிறது

கெலுகோர்_கிளஸ்டர் · செவ்வாய், இரவு 11.42

வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறேன், பொறுத்துக்குங்க.

பினாங்குல ஓர் ஆய்வகத்துல 24 நோட் கிளஸ்டரை, அதாவது ஒண்ணாச் சேர்த்து ஓட்டுற 24 கம்ப்யூட்டரை, பார்த்துக்கிறதுதான் என் வேலை. எந்த ஆய்வகம்னு கேக்காதீங்க. தெரிஞ்சவங்க தெரியாத மாதிரியே இருந்துடுங்க. ரப்பர் பால் இறுகும்போது மூலக்கூறுச் சங்கிலிகள் எப்படிப் பின்னிக்குதுன்னு சிமுலேஷன் ஓட்டுறோம். எங்க தாத்தா கெடா மாநிலத்துல பால்மரம் வெட்டினவர். நான் அதையே கம்ப்யூட்டர்ல வெட்டுறேன்னு அம்மா சொல்லிச் சிரிப்பாங்க.

நாங்க ஓட்டுறது லாம்ப்ஸ், அணுக்கள் எப்படி அசையும்னு கணக்கிடுற திறந்த மூல மென்பொருள். 2019-ல இங்க இருந்த ஒரு போஸ்ட்டாக் (முனைவர் பட்டம் முடிச்ச ஆய்வாளர்), எங்க ரப்பருக்குன்னே அணுக்களுக்கு இடையில உள்ள விசையைக் கணக்கிடுற ஒரு பேர் ஸ்டைல் எழுதி வச்சுட்டுப் போனார். 1,400 வரி, சி பிளஸ் பிளஸ். அந்த வருஷ ஆகஸ்ட் 7 வெளியீட்டுக்குன்னு எழுதினது. (லாம்ப்ஸ்ல வெளியீட்டுக்குத் தேதிதான் பேர்.) அவர் வேற நாட்டுக்குப் போயிட்டார், இமெயில் போட்டா பதில் இல்ல. கோப்பு மட்டும் இருக்கு, அதுல கமென்ட்டுன்னு பார்த்தா மொத்தம் ஆறு வரி.

கிளஸ்டர்ல இருந்த இயங்குதளம் சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-ஓட ஆயுசு முடிஞ்சது. அதுக்கப்புறமும் இழுத்துப் பிடிச்சு ஓட்டி, இப்பதான் ராக்கி லினக்ஸ் 9-க்கு மாறினோம். புது லாம்ப்ஸ்ல அந்தக் கோப்பைப் போட்டுக் கம்பைல் பண்ணினா (மெஷின் ஓட்டுற வடிவத்துக்கு மாத்தினா) பக்கம் பக்கமா பிழை. உக்காந்தா சரிபண்ணிடலாம். ஆனா ரெண்டு வருஷம் கழிச்சு திரும்பவும் இதே கூத்துதானே? பேசாம திருத்தி, லாம்ப்ஸ் மூலத் திட்டத்துக்கே அனுப்பிப் பொதுவாக்கிடலாமான்னு பேராசிரியரைக் கேட்டேன். "மூணு வருஷ உழைப்பு. கொடுக்காதே. நாளைக்கே வேற குழு நமக்கு முன்னாடி கட்டுரை போட்டுரும்"ன்னுட்டார்.

அவர் சொல்றதையும் தள்ள முடியல. நீங்க என்ன நினைக்கிறீங்க?

நைட்ஷிஃப்ட்_பாயான்லெப்பாஸ் · புதன், அதிகாலை 2.15

இதுக்கு ஏன் இவ்வளவு யோசனை? பழைய சென்ட்ஓஎஸ், பழைய ஜிசிசி கம்பைலர், பழைய லாம்ப்ஸ், எல்லாத்தையும் அப்படியே ஓர் ஆப்டெய்னர் கன்டெய்னருக்குள்ள (மென்பொருளை அதுக்கு வேண்டியதோட மொத்தமா அடைக்கிற பெட்டி) போட்டு மூடு. ராக்கி மேல ஓடும். அரை நாள் வேலை. பேராசிரியர் சந்தோஷம், நீயும் வீட்டுக்குப் போலாம்.

எங்க தொழிற்சாலையில சோதனை மெஷின்ல இன்னும் எந்தக் காலத்து சாஃப்ட்வேர் ஓடுதுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. தொடாத வரைக்கும் ஓடும். தொட்டவன் செத்தான்.

பங்சார்_கம்பைலர் · புதன், காலை 8.50

தம்பி, அது ஊறுகாய் ஜாடி. கெடாது, ஆனா வளரவும் செய்யாது. போட்ட கட்டுரையோட முடிவை மறுபடி ஓட்டிக் காட்டணும்னா கன்டெய்னர்தான் சரி, அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. ஆனா இந்தப் பொண்ணு சொல்றது தினமும் பொங்குற சோறு. அடுத்த வருஷம் புது ஜிபியு (கிராஃபிக்ஸ் பிராசஸர்) வாங்கினா, அந்த ஜாடிக்குள்ள இருக்கிற பழைய கூடாவுக்கு (ஜிபியுல நிரலை ஓட்ட வேண்டிய மென்பொருள்) அதைத் தெரியாது.

தங்கச்சி, முதல்ல ஒண்ணு. லாம்ப்ஸ் கையேட்டுல, பழைய வெளியீட்டுக்கு எழுதின கோப்பைப் புதுசுக்கு மாத்துறது எப்படின்னு தனிப் பக்கமே இருக்கு. எந்தத் தேதியில எது மாறிச்சுன்னு வரிசையா போட்டிருப்பாங்க. உன் கோப்புல இன்புட்ல இருந்து எண்ணை வாசிக்க ஃபோர்ஸ் வழியா நியூமெரிக்குங்கிற ஃபங்ஷனைக் கூப்பிடுற வரி நிறைய இருக்கும், பந்தயம் கட்டுறேன். 2020 செப்டம்பர் 18 வெளியீட்டுல அதைத் தூக்கிட்டு யூடில்ஸ்ங்கிற வேற இடத்துல வச்சுட்டாங்க. பிழையில பாதி அதாத்தான் இருக்கும். 2022 பிப்ரவரி 17-ல விர்ச்சுவல்ங்கிற சொல்லுக்குப் பதில் ஓவர்ரைடுன்னு எழுதணும்னு ஆச்சு. இப்படி ஒவ்வொண்ணா.

இப்ப இதைக் கவனி. 2020-ல அந்த மாத்தத்தைச் செஞ்சவங்க, திட்டத்துக்குள்ள இருந்த அத்தனை கோப்பையும் அவங்களே சேர்த்துத் திருத்திட்டாங்க. உன் கோப்பு அன்னைக்கு உள்ள இருந்திருந்தா அதுவும் தானா திருந்தியிருக்கும். வெளிய நின்னதால நனைஞ்சிடுச்சு. அவ்வளவுதான் விஷயம்.

கெலுகோர்_கிளஸ்டர் · புதன், காலை 9.31

அக்கா, இப்பதான் எண்ணிப் பார்த்தேன். 37 இடம். எல்லாமே நீங்க சொன்ன நியூமெரிக்தான்.

பழைய_ஃபோர்ட்ரான் · புதன், காலை 11.05

வணக்கம் மகளே. நான் கோலாலம்பூரில் பொறியியல் கணக்கீட்டுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். 80-களில் எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு பொறியாளரும் சமன்பாடு தீர்க்கும் துணைநிரலைத் தானே எழுதி, தன் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருப்பார். ஒருவர் பணி மாறிச் சென்றால் அவரோடு ஒரு துறையே சென்றதுபோல இருக்கும். பூட்டைத் திறந்தாலும் பயனில்லை, படித்தால் புரியாது.

நேரியல் இயற்கணிதத்தின் அடிப்படைக் கணக்குகளுக்கான பிளாஸ் 1979-இல் வந்தது. அதை ஒரு நிரல் என்பதைவிட ஓர் உடன்பாடு என்பேன். இன்ன கணக்குக்கு இன்ன பெயர், இன்ன வரிசையில் உள்ளீடு என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். அதன்பின் எந்த இயந்திரக்காரனும் தன் இயந்திரத்துக்கு ஏற்ற வேகமான பிளாஸைச் செய்துகொள்ளலாம், மேலே நிற்கும் நிரலைத் தொட வேண்டியதில்லை. 1992-இல் வந்த, சமன்பாட்டுத் தொகுதிகளைத் தீர்க்கும் லேபேக் அந்த அடித்தளத்தின்மேல்தான் நிற்கிறது. 30 ஆண்டுக்கு மேலாகியும் உங்கள் பைதான் பிள்ளைகள் சமன்பாடு தீர்த்தால் அடியில் அதுதான் ஓடுகிறது, பலருக்குத் தெரியாது.

இன்னொன்று. கசுஷிகே கோத்தோ என்ற ஜப்பானியர் கையால் செதுக்கிய கோத்தோபிளாஸ் ஒரு காலத்தில் வேகத்தில் எல்லாரையும் மிஞ்சி நின்றது. அவர் பிறகு அதைத் தொடரவில்லை. ஆனால் கடைசிப் பதிப்பு திறந்த உரிமத்தில் இருந்ததால், சீனாவில் இருந்து ஜாங் சியான்யி அதை எடுத்து 2011-இல் ஓபன்பிளாஸ் ஆக்கினார். இன்று உங்கள் கிளஸ்டரில் அது நிச்சயம் இருக்கும். கோத்தோ இழுப்பறையைப் பூட்டிவிட்டுப் போயிருந்தால் அந்தக் கைத்திறன் அவரோடு போயிருக்கும். உங்கள் போஸ்ட்டாக்கும் போய்விட்டார். உரிமம் என்ன, மகளே?

கெலுகோர்_கிளஸ்டர் · புதன், பிற்பகல் 1.12

லாம்ப்ஸ் ஜிபிஎல்ங்கிற திறந்த மூல உரிமத்தோட இரண்டாம் பதிப்பு, ஐயா. அதனால எங்க கோப்பையும் வெளியிட்டே ஆகணுமா?

பங்சார்_கம்பைலர் · புதன், பிற்பகல் 1.40

ஆகணும்னு இல்ல. லேப்புக்குள்ளயே வச்சு ஓட்டுற வரைக்கும் யாருக்கும் காட்ட வேணாம். இன்னொருத்தர் கையில கொடுத்தாத்தான் மூலநிரலையும் சேர்த்துக் கொடுக்கணும். சட்டத்தைக் காட்டிப் பேராசிரியரை மிரட்டலாம்னு நினைக்காதே, எடுபடாது.

மின்கட்டணம்_பார்த்தவன் · புதன், மாலை 6.20

எல்லாரும் நிரல் நிலைக்கிறதைப் பத்தியே பேசுறீங்க. மின்சாரத்தைப் பத்தி யாராவது?

24 நோட். ஒரு நோட் 400 வாட்னு வைங்க, 9.6 கிலோவாட். ஏசியையும் சேர்த்தா 14-னு வைங்க. மாசம் முழுக்க ஓடினா பத்தாயிரம் யூனிட்டைத் தாண்டும். யூனிட் அரை வெள்ளின்னு (ரிங்கிட்) வச்சாலே மாசம் ஐயாயிரம் வெள்ளி. பினாங்கு வெயில்ல ஏசி கணக்கை நான் குறைச்சுத்தான் போட்டிருக்கேன்.

இதுல நைட்ஷிஃப்ட் சொல்ற மாதிரி 2019 பைனரியை ஜாடிக்குள்ள போட்டா, அதுல எந்தக் கம்பைலர் இருக்கும்? சென்ட்ஓஎஸ் 7-ஓட வர்றது ஜிசிசி 4.8. உங்க பிராசஸர்ல ஏவிஎக்ஸ்-512 (ஒரே அடியில பல எண்ணைக் கணக்கிடுற வசதி) இருந்தாலும் அதுக்குத் தெரியவே தெரியாது. ஆறு நாள்ல முடியக்கூடிய வேலை ஒன்பது நாள் ஓடினா மூணு நாள் மின்சாரம் சும்மா போகுது. புது லாம்ப்ஸ்ல வேலையைப் பல கோர்லயும் ஜிபியுலயும் பிரிச்சு ஓட்ட கொக்கோஸ் இருக்கு, ஓபன்எம்பி இருக்கு. உங்க கோப்பு அந்தப் பக்கமே போக முடியாம நிக்குது.

நைட்ஷிஃப்ட்_பாயான்லெப்பாஸ் · புதன், இரவு 10.55

சரி, ஜாடியை வாபஸ் வாங்கிட்டேன். ஆனா ஒரு கேள்வி. லாம்ப்ஸ் அமெரிக்காவுல சாண்டியா ஆய்வகத்துச் சரக்கு. நம்ம ஊர் ரப்பர், நம்ம ஊர்ப் பொண்ணோட உழைப்பு, கடைசியில சரக்கு யார் கடையில? 1972-ல இருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில இதைத்தான் பார்க்கிறோம். இங்க செஞ்சு அங்க முத்திரை குத்துறது. பேராசிரியர் அதைத்தான் வேற வார்த்தையில சொல்றாரோ என்னமோ.

வேணும்னா நாமளே மலேசியாவுக்குன்னு ஒரு லாம்ப்ஸ் ஃபோர்க் (தனியாப் பிரிஞ்ச நகல்) போட்டுக்கலாமே?

மின்கட்டணம்_பார்த்தவன் · புதன், இரவு 11.08

தைப்பூசத்துக்கு வெள்ளித் தேர் இருந்தது. 2017-ல தங்கத் தேரும் வந்தது. ரெண்டும் தண்ணீர்மலைக்குத்தான் போகுது. ரெண்டையும் இழுக்க ஆள் இருக்கு, பினாங்குல அதுக்குப் பஞ்சமே இல்ல. உன் ஃபோர்க்கை இழுக்க எத்தனை பேர் வருவான்? நீ, நான், இந்தப் பொண்ணு. எனக்கு முதுகு வலி.

பங்சார்_கம்பைலர் · வியாழன், காலை 7.55

சிரிச்சுட்டு ஆபீசுக்கு வந்தேன். ஆனா நைட்ஷிஃப்ட் கேட்டதுல விஷயம் இருக்கு, தட்டிவிடக் கூடாது.

லாம்ப்ஸ் சாண்டியாவுல பிறந்தது உண்மைதான். ஆனா இன்னைக்கு அதுல இருக்கிற பேர் ஸ்டைல்ல கணிசமானது வெளியில இருந்து வந்தது. அப்படி வந்த கோப்போட தலையில எழுதினவர் பேர் இருக்கும், எந்த இடம்னும் இருக்கும். அந்தப் போஸ்ட்டாக் பேரும் உன் பேரும் அங்க நிக்கும். கட்டுரையில நாலாவது ஆசிரியரா நிக்கிறதைவிட எனக்கு அது பெருசாத் தெரியுது. சரி, அது என் குணம்.

அமெரிக்காக்காரன் பணத்துல நிக்குதுன்னு நினைக்கிறதும் பாதிதான் சரி. அடுத்த தலைமுறை சூப்பர்கம்ப்யூட்டருக்கான எக்ஸாஸ்கேல் திட்டத்துக்கு 2016-ல இருந்து சுமார் 180 கோடி டாலர் கொட்டினாங்க. 2022-ல ஃபிரான்டியர் சூப்பர்கம்ப்யூட்டர் எக்ஸாஃப்ளாப் வேகத்தைத் தாண்டிச்சு. அதுக்கப்புறம்? திட்டம் முடிஞ்சுது. எழுதின நூலகமெல்லாம் இருக்கு, நாளைக்கு யார் சம்பளம் கொடுத்துப் பார்த்துக்குவாங்கன்னு அவங்களுக்கே கவலை வந்தாச்சு. 2024-ல லினக்ஸ் ஃபவுண்டேஷன் கீழ ஹை பெர்ஃபார்மன்ஸ் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷன்னு ஒண்ணு தொடங்கினாங்க. ஸ்பேக், கொக்கோஸ், ஆப்டெய்னர், டிரைலினோஸ் எல்லாம் அதுல சேர்ந்தது. ஒரே ஆய்வகத்து வீட்டுப்பிள்ளையா இருந்ததைப் பொதுவுல கொண்டுவந்து வச்சிருக்காங்க. அவ்வளவு பணம் உள்ளவனே தனியா தூக்க முடியாதுன்னு இறக்கி வச்ச சுமையை, 24 நோட் உள்ள நாம தனியா தூக்குறோம்னு நிக்கிறோம்.

தே_ஓ_கோசோங் · வியாழன், பிற்பகல் 12.30

மன்னிக்கணும், நான் மாஸ்டர்ஸ் மாணவி. ஸ்பேக்னா என்ன? எல்லா இடத்துலயும் பேர் வருது, கேட்கக் கூச்சமா இருக்கு.

பங்சார்_கம்பைலர் · வியாழன், பிற்பகல் 12.48

இதுல என்ன கூச்சம்? ஒரு மென்பொருளுக்கு அடியில இருபது மென்பொருள் இருக்கும். எது எந்த வெர்ஷன், எந்தக் கம்பைலர்ல கட்டினது, எந்த எம்பிஐ (நோட்டுகள் தங்களுக்குள்ள பேசிக்கிற நூலகம்) கூடன்னு பொருந்தலைன்னா உடையும். அந்தச் சமையல் குறிப்பையெல்லாம் பைதான்ல எழுதி வச்சு, உன் மெஷினுக்குத் தகுந்த மாதிரி மூலத்துல இருந்தே கட்டித் தர்றது ஸ்பேக். 2013-ல லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்துல டாட் கேம்ப்ளின் தொடங்கினது. பெல்ஜியத்துல கென்ட் பல்கலைக்கழகம் ஈஸிபில்டுன்னு இதே வேலைக்கு வேற ஒண்ணு வச்சிருக்கு, அதுவும் நல்லாத்தான் இருக்கும். நான் ஸ்பேக் கட்சி. இதுல சண்டை போட வேற இழை திறங்கப்பா.

குறிப்பு எழுதினவங்க ஆயிரத்துக்கு மேல. பல பேர் ஒரே ஒரு குறிப்புதான் எழுதியிருப்பாங்க, அவங்க கிளஸ்டர்ல உடைஞ்சதைச் சரிபண்ணி அனுப்பினது. நம்ம ஊர்ல நாளைக்கு ஒருத்தன் அதே பொட்டலத்தைக் கட்டும்போது அது உடையாது. யார் சரிபண்ணினாங்கன்னு அவனுக்குத் தெரியவும் தெரியாது.

பழைய_ஃபோர்ட்ரான் · வியாழன், மாலை 5.15

தமிழ் எழுத்துரு யுத்தத்தைப் பார்த்தவர்கள் இங்கே யாரேனும் உண்டா? 90-களில் ஆளுக்கொரு குறியேற்றம் வைத்திருந்தோம். ஒருவர் அனுப்பிய கடிதம் இன்னொருவர் திரையில் பூச்சி பூச்சியாகத் தெரியும். டிஸ்கி ஒரு பக்கம், டேப், டேம் ஒரு பக்கம். 2001-இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடந்தபோது நான் பார்வையாளர் வரிசையில் இருந்தேன். நடைவழியில் தேநீர்க் கோப்பையோடு நடந்த வாக்குவாதங்கள் மேடைப் பேச்சைவிடச் சுவையாக இருந்தன. என்னிடம் அன்று தட்டச்சு செய்த குறிப்புகள் ஒரு வட்டில் இன்னும் இருக்கின்றன. என் சொந்த எழுத்துருவில் தட்டச்சு செய்தவை. இன்று என்னாலேயே படிக்க முடியவில்லை.

நைட்ஷிஃப்ட்_பாயான்லெப்பாஸ் · வியாழன், இரவு 11.50

ஐயா, அந்த வட்டைக் கொடுங்க, நான் படிச்சுத் தர்றேன். நிஜமாத்தான் சொல்றேன்.

ஆனா இன்னொரு பயம். திறந்து வச்சா யார் வேணா உள்ள வரலாம். எக்ஸ்இசட்னு கோப்பைச் சுருக்குற மென்பொருளோட கதை ஞாபகம் இருக்கா? 2024 மார்ச். பல வருஷமா ஒத்த ஆளாப் பார்த்துக்கிட்டவர் சோர்ந்து போன நேரம், உதவி பண்றேன்னு வந்தவன் பின்கதவு வச்சான். ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்டுனு ஒருத்தர், தூரத்து மெஷினுக்குள்ள போற எஸ்எஸ்எச் லாகின் அரை நொடி லேட்டாகுதேன்னு துருவினதாலதான் மாட்டிச்சு.

மின்கட்டணம்_பார்த்தவன் · வெள்ளி, காலை 7.30

அந்தக் கதையில பின்கதவு வச்சவனுக்கு வழி கிடைச்சது பூட்டு திறந்திருந்ததால இல்லப்பா. காவலுக்கு ஒரே ஆள்தான் இருந்தார், அவரும் சோர்ந்துட்டார். மூலநிரல் திறந்து கிடந்ததாலதான் துருவவும் முடிஞ்சது. இந்தப் பொண்ணோட 1,400 வரியை இதுவரைக்கும் எத்தனை பேர் படிச்சிருக்காங்க? எழுதினவர் ஒருத்தர். அவரும் இல்ல.

பங்சார்_கம்பைலர் · வெள்ளி, காலை 9.20

பேராசிரியர்கிட்ட இப்படிப் பேசிப் பாரு தங்கச்சி. "சார், கட்டுரை முதல்ல போகட்டும். ஏத்துக்கிட்ட அன்னைக்கு நான் லாம்ப்ஸுக்குப் புல் ரிக்வெஸ்ட் (கோப்பைச் சேர்த்துக்கச் சொல்ற விண்ணப்பம்) போடுறேன். ஜெனோடோ களஞ்சியத்துல வச்சு டிஓஐ (நிரந்தர அடையாள எண்) வாங்கிடுறேன், மத்தவங்க ஓட்டினா நம்மைச் சுட்ட வழி இருக்கும்." மென்பொருளுக்குன்னே 2016-ல இருந்து ஜாஸ்னு ஓர் இதழ் இருக்கு, அங்க தனியா ஒரு கட்டுரையும் போடலாம். அவருக்குக் கட்டுரை எண்ணிக்கைதான் கணக்குன்னா இது ரெண்டு கட்டுரை. மனுஷன் மோசமானவர் இல்ல, அவரை எதை வச்சு எடைபோடுறாங்களோ அதைத்தானே பார்ப்பார்.

அனுப்புறதுக்கு முன்னாடி சோதனைக் கோப்பு எழுதணும், யாமெல் வடிவத்துல இருக்கும். கையேட்டுப் பக்கம், ஒரு சின்ன உதாரணம். அலுப்பான வேலை. அதைத் தள்ளிப்போடாதே. கட்டுரைக்குக் காத்திருக்காம இப்பவே சோதனையை ஓட்டிப் பாரு.

கெலுகோர்_கிளஸ்டர் · 23 நாள் கழிச்சு, சனி, இரவு 9.05

மன்னிச்சிருங்க, பதில் போட லேட்டாயிடுச்சு.

பேராசிரியர் பாதி சம்மதம். கட்டுரை ஏத்துக்கிட்டதும் அனுப்பலாம்னார். டிஓஐன்னதும் முகம் கொஞ்சம் மலர்ந்தது, அக்கா சொன்னது சரிதான்.

கோப்பு புது லாம்ப்ஸ்ல கம்பைல் ஆயிடுச்சு. சோதனை எழுத உக்காந்தேன். அங்கதான் வினை.

லாம்ப்ஸ்ல நியூட்டன்னு ஓர் அமைப்பு இருக்கு. ரெண்டு அணு ரெண்டு பிராசஸர்ல இருந்தா, அந்த விசையை ஒரு தடவை கணக்கிட்டு ரெண்டு பக்கமும் பகிர்ந்துக்கணுமா, இல்ல ரெண்டு பேரும் தனித்தனியா கணக்கிடணுமான்னு. நியூட்டனோட மூணாவது விதிதான், அதனால அந்தப் பேர். அவங்க சோதனை ஆன்லயும் ஓட்டும், ஆஃப்லயும் ஓட்டும். ஆன்ல பச்சை. ஆஃப்ல விசை பச்சை, ஆற்றலும் அழுத்தமும் சிவப்பு.

ரெண்டு நாள் தேடினேன். ஆற்றலைக் கூட்டுற வரியில, நியூட்டன் ஆனா ஆஃபான்னு கேக்க வேண்டிய இடத்துல போஸ்ட்டாக் வெறும் 1-னு எழுதி வச்சிருக்கார். ஆஃப்ல ஓட்டினா எல்லையைத் தாண்டுற ஒவ்வொரு ஜோடியும் ரெண்டு தடவை எண்ணப்படுது. நோட் கூடக் கூட எல்லை கூடும், அழுத்தமும் கூடும். ஆறு வருஷம் யாருக்கும் தெரியல. ஏன்னா நாங்க எப்பவும் ஆன்லதான் ஓட்டுவோம். கட்டுரையெல்லாம் தப்பிச்சது, ஒவ்வொண்ணா லாக் கோப்பைத் திறந்து பார்த்துட்டேன்.

ஒரே ஓர் இடம் தவிர. ஜிபியு பேக்கேஜ் போட்டா நியூட்டன் தானா ஆஃப் ஆயிடும். போன வருஷம் எங்க மாணவி ஒருத்தர் ஹைப்ரிட் போட்டு, பாதி ஜிபியுல, பாதி எங்க பேர் ஸ்டைல்ல ஓட்டியிருக்கார். அவர் ஆய்வேட்டுல மூணு வரைபடம் அதுல இருந்து வந்தது. அடுத்த மாசம் சமர்ப்பிக்கணும்.

திருத்தம் ஒரே வார்த்தைதான். பேராசிரியர்கிட்ட சொன்னேன், ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. "எந்த மூணு?"ன்னு மட்டும் கேட்டார். அந்தப் பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல.

பழைய_ஃபோர்ட்ரான் · சனி, இரவு 9.40

சமர்ப்பிக்கும் முன் தெரிந்ததே, மகளே. நாங்கள் ஒரு முறை கட்டி முடித்த பிறகு தெரிந்துகொண்டோம். அதை இங்கே எழுத மாட்டேன்.

மின்கட்டணம்_பார்த்தவன் · சனி, இரவு 9.52

ரோத்தி சனாய் வாங்கிக் கொடுத்துட்டுச் சொல்லுங்க. வெறும் வயித்துல சொல்லாதீங்க.

தே_ஓ_கோசோங் · சனி, இரவு 11.17

அக்கா. ஹைப்ரிட், ஜிபியு, போன வருஷம் செப்டம்பர், 9-வது நோட்ல இருந்து 16-வது நோட் வரைக்கும். அது நான்தான்.

முதல் நாளே நீங்கதான்னு தெரியும். நீங்கதானே தெரியாத மாதிரி இருக்கச் சொன்னீங்க. போன வருஷம் ஓட்டினப்பவே நோட் கூட்டினா அழுத்தம் ஏறுதேன்னு எனக்குச் சந்தேகம். நான்தான் ஏதோ தப்பா ஓட்டுறேன்னு நினைச்சு யார்கிட்டயும் கேக்கல.

மறுபடி ஓட்ட எத்தனை நாள் ஆகும்?

கெலுகோர்_கிளஸ்டர் · சனி, இரவு 11.21

புது பில்டுல ஆறு நாள். 9-வது நோட்ல இருந்து 16-வது வரைக்கும் உனக்கு ஒதுக்கிட்டேன், இப்பவே. இன்புட் கோப்பு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுத் திங்கக்கிழமை எட்டு மணிக்கு வா. பேராசிரியர் பத்துக்குத்தான் வருவார்.